பாரி தண்ணீரில் இறங்கிய வாரம்

1

போன மாதம் என் மகள் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் காதுக்குக் கீழே இரண்டு விரல் அளவில் நின்றுபோயிருந்தது. அவள் அப்பா இறந்து மூன்று வருடம் ஆன வாரம் அது. திதிக்கு வேண்டிய சாமான்களை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். வாசல் கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், "மா, பசிக்குது" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சோறு போட்டேன். அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். நான் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தொரு வயதுப் பெண், அவள் தலை, அவள் இஷ்டம். இதை எனக்கு நானே நாலு முறை சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து வளர்த்த கை இது. அவள் கோலேஜ் விடுதிக்குப் போனபிறகு எங்களுக்குள் மிச்சமிருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அப்போதுதான் எதிரெதிரே பார்க்காமல் பேசுவோம். அவளுக்கும் பேச்சு வரும், எனக்கும் வரும். இனி அதற்கும் வேலையில்லை என்று தோன்றியது. அன்று இரவு பாத்திரம் கழுவும்போது குழாயைக் கொஞ்சம் கூடுதலாகவே திறந்துவிட்டேன்.

2

நான் செல்வி. சொந்த ஊர் கோவில்பட்டி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தேன். பாயா ரும்புட்டில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறேன். என் கணவர் மணியம் மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம், அதாவது ரப்பர், போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபோது அந்தக் குடும்பமும் தோட்டத்து லய வீட்டை விட்டு டவுனுக்கு வந்துவிட்டது. அவர் ஒரு தொழிற்சாலையில் வயரிங் வேலை பார்த்தார்.

வந்த புதிதில் விடிந்ததும் ஆளுக்கு ஆள் என்னை "பசியாறியாச்சா" என்று கேட்டார்கள். நம் பக்கம் காலையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் பசியின்மேல் இத்தனை பேருக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். காலைச் சாப்பாட்டுக்கே இங்கே அதுதான் பெயர் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. தெரிந்தபிறகும் அந்தச் சொல்லின்மேல் இருந்த பிரியம் குறையவில்லை.

அவர் இருந்தவரைக்கும் அரசாங்கக் காரியம் எதையும் நான் பார்த்ததில்லை. குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனால் அவர் பேசுவார், நான் பக்கத்தில் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனைவி என்ற முறையில் எனக்கு இங்கே தங்கப் பாஸ் கிடைத்தது. அவர் மாரடைப்பில் போன பிறகு நான் யாருடைய மனைவியாக இங்கே இருக்கிறேன் என்ற கேள்வி வந்தது. நிரந்தரவாசத்துக்கு அவர் போட்டிருந்த மனுவும் அவரோடு நின்றது. புதிதாகத் தொடங்க வேண்டும் என்றார்கள். அதுவரை வருடத்துக்கு ஒருமுறை பாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

முதல் முறை தனியாகப் போனபோது கவுண்டரில் இருந்த பையன் "பென்ஜாமின் மானா?" என்றான். மானா என்றால் எங்கே. அது தெரியும். எனக்கு வியர்த்துவிட்டது. பென்ஜமின் என்று யாரையும் எனக்குத் தெரியாது, என் கணவர் பெயர் சுப்ரமணியம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், பக்கத்துக் கவுண்டரைப் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினான். 'பென்ஜாமின்' என்றால் ஜாமீன் கொடுப்பவர். இந்த நாட்டுக் குடிமகன் ஒருவர் எனக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும்.

மணியத்தின் அண்ணன், அதாவது என் மகள் லோஷினியின் பெரியப்பா, மூன்று வருடமாக அந்தக் கையெழுத்தைப் போட்டுவந்தார். ஒவ்வொரு முறையும் மெர்லிமாவிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி வருவார். முடிந்ததும் டீ குடிப்போம். "இதுக்கெல்லாம் நன்றி சொல்லாதம்மா" என்பார். நான் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

இந்த வருடம் அவர் மோட்டாரிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பில் தகடு வைத்துப் படுத்திருக்கிறார். போன் செய்து, "என்னம்மா பண்ணலாம், வீல் சேர்ல வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், வேறு வழி பார்க்கிறேன் என்றேன்.

வேறு வழி என் வீட்டிலேயே இருந்தது. லோஷினிக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது. அவள் இந்த நாட்டுப் பிள்ளை. ஆனால் பெற்ற பிள்ளையிடம் போய், எனக்கு நீ பொறுப்பு என்று எழுதிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வருடம் கையெழுத்து, அடுத்த வருடம் கையெழுத்து, அதற்கடுத்த வருடமும். அவள் எங்கே போனாலும் இந்தத் தாள் அவள் காலைப் பிடித்து இழுக்கும் என்று நினைத்தேன். கோவில்பட்டியில் அண்ணன் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அங்க உனக்கு யாரு இருக்கா" என்பதுதான் அவர் பேச்சின் முதலும் முடிவும்.

சரி, வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையோடு பாஸ் முடிகிறது. அதற்கு முந்தின ஞாயிறு விமானம். போவதற்கு மட்டும் டிக்கெட். லோஷினியிடம், பெரியப்பா கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஒரு மாதம் ஊருக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். இருபத்தொரு வருடத்தில் அவளிடம் நான் சொன்ன பெரிய பொய் அது. ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை அவளுடைய போட்டி. அதைப் பார்க்காமல் போக மனமில்லை.

3

போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீருக்கடியில் தானாக நீந்தும் ரோபோவை மாணவர்கள் செய்ய வேண்டும். தானாக என்பதுதான் முக்கியம். கையில் ரிமோட் கிடையாது. நீச்சல் குளத்தில் இறக்கியதும் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். பிறகு அது தன் கேமராவால் பார்த்து, தானே யோசித்து, தண்ணீருக்குள் நிறுத்தியிருக்கும் ஆரஞ்சு நிற வளைவுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் கட்டியிருக்கும் சிவப்புப் பந்தை முட்ட வேண்டும். வழி தவறினால் யாரும் உதவ முடியாது.

லோஷினியின் குழுவில் மூன்று பேர். ஹக்கிம் கோலா சுங்கை பாரு மீனவர் வீட்டுப் பையன், உடம்பைச் செய்பவன். மெய் லிங் மலாக்கா டவுன் பெண், மின்சாரப் பகுதி அவளுடையது. மூளை லோஷினியுடையது. அதாவது எங்கே திரும்பு, எவ்வளவு ஆழம் போ என்று சொல்லும் புரோகிராமை அவள் எழுதுகிறாள்.

ரோபோவின் பெயர் பாரி என்று அவள் போனில் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. மலாய்ப் பையனும் சீனப் பெண்ணும் இருக்கிற குழுவில் முல்லைக்குத் தேர் கொடுத்த மன்னன் பெயரை என் பிள்ளை வைத்திருக்கிறாள் என்று அண்ணனுக்குச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்குச் சொன்னேன், கணக்குப் படிக்க என்னிடம் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னேன். பிறகு ஒருநாள் அந்தப் பெட்டிமேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். மீன். "என்ன மீன் இது?" என்றேன்.

"பாரி மா. இக்கான் பாரி. அசாம் பெடாஸ் குழம்புல போடுவாங்கள்ல."

திருக்கை மீன். மலாயில் அதற்குப் பாரி என்று பெயர். நான் பாரி வள்ளலின் கதையைச் சொன்னேன். லோஷினி பொறுமையாகக் கேட்டாள். "ஓ, தேரையே குடுத்துட்டாரா" என்றாள். அப்புறம் ஹக்கிமுக்கு மலாயில் சொன்னாள். அவன், "பெரிய மனுஷன். நம்ம பாரி பேட்டரி கூடக் கொடுக்காது" என்றான். அந்த அளவில் மன்னருக்கு மரியாதை கிடைத்தது.

செமஸ்டர் விடுமுறையில் கோலேஜ் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூவரும் பாரியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு முன்புறம் கார் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். என் துணி காயும் கொடியில் அவர்களுடைய வயர்கள் தொங்கின. அவர்கள் பேச்சு மலாய், ஆங்கிலம், இரண்டும் கலந்தது. லோஷினி என் பக்கம் திரும்பும்போது மட்டும் தமிழ் வரும், அதுவும் கொஞ்சம் தாமதமாக, உள் அறையிலிருந்து எடுத்து வருவதுபோல.

மெய் லிங்தான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னாள். சமையலறைக்கு வந்து மைலோ கலக்கிக்கொண்டிருந்தபோது, "லோஷி முடி வெட்டினதுல ஆன்ட்டிக்குக் கோவமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அவளே சொல்லல. நான் எப்படிக் கோவப்படுறது?"

"சொல்லலையா? முடியாலதான் முதல் பாரி செத்துப்போச்சு ஆன்ட்டி."

பாரியின் உடம்பு தெளிந்த பிளாஸ்டிக் குழாய். இரண்டு பக்கமும் மூடி. மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் வளையம். அந்த வளையத்தில் ஒரு தூசி இருந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும். இரண்டு மாதத்துக்கு முன் முதல் முறை குளத்தில் இறக்கியபோது தண்ணீர் உள்ளே போய் பலகையெல்லாம் கருகிவிட்டது. திறந்து பார்த்தால் வளையத்தின்மேல் ஒரு நீள முடி. ஹக்கிமுக்கும் மெய் லிங்குக்கும் நீள முடி கிடையாது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லோஷினியும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சில வாரம் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டு வேலை செய்தாளாம். புதுப் பலகை வந்த அன்று போய் வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். சொல்லியிருந்தால், முடியை வெட்டாதே, வேலையை விடு என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அவளுக்கு என்னைத் தெரியும்.

4

முடி போனபிறகும் பாரி ஒழுகியது.

அதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு சின்னப் பம்பு உண்டு. குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முள் அசையாமல் நின்றால் ஓட்டை இல்லை. நிற்கவில்லை. மெல்ல மெல்ல இறங்கியது. வளையத்தைத் துடைத்தார்கள், கிரீஸ் தடவினார்கள், புது வளையம் போட்டார்கள். புதன்கிழமை மதியம்வரை இதுவே நடந்தது. ஓட்டை இருக்கிறது என்று முள் சொல்கிறது, எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறது.

நான் துணி எடுக்கப் போனவள் அவர்கள் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

என் அப்பாவுக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குத்தான் போவேன். பஞ்சர் பார்க்கும்போது அவர் டியூபுக்குக் காற்றடித்து, தார் டின்னை வெட்டிச் செய்த தொட்டித் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே போவார். குமிழி வரும் இடத்தைச் சொல்வது என் வேலை. அவருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டால் ஒரு தேன்மிட்டாய். அவர் பலமுறை வேண்டுமென்றே தாமதித்திருக்கிறார் என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது.

"காத்தை ஏன் வெளிய எடுக்கிறீங்க? உள்ள அடிச்சுத் தண்ணில அமுக்குங்க" என்றேன்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். "மா, அது அப்படி இல்ல லா" என்றாள் லோஷினி, இந்த ஊர் 'லா'வோடு. "உள்ள காத்து அடிச்சா மூடி பிச்சிக்கிட்டுப் போயிரும்."

"பெட்டி கட்டுற பெல்ட்டு இருக்குல்ல, அதை வெச்சு மூடியை இறுக்கு. காத்தும் நிறைய வேண்டாம். கொஞ்சம் போதும்."

அவள் ஹக்கிமிடம் சொன்னாள். அவன் யோசித்தான். "படகு டியூபுக்கு எங்கப்பா இப்படித்தான் பாப்பாரு" என்றான். என் சூட்கேஸிலிருந்து பெல்ட்டை அவிழ்த்து வந்து கொடுத்தேன். பக்கத்து வீட்டில் சைக்கிள் பம்பு வாங்கினோம். போர்வை துவைக்கும் நீலத் தொட்டியை நிரப்பி, உள்ளிருந்த பலகைகளை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் குழாயை மட்டும் இரண்டு முறை காற்றடித்து அமுக்கினோம். மூடி ஓரங்களை எல்லாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளையம் இருந்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை.

நான் வேறு பக்கம் பார்த்தேன். பின்மூடியில் வயர் நுழைகிற இடம். பசை ஊற்றி அடைத்திருந்த இடம். அங்கிருந்து கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்துகொண்டிருந்தன.

"இங்க" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரல் மாதிரி கேட்டது.

பசை ஊற்றியது ஹக்கிம். அவன் முகம் சிவந்துபோனது. "முதல் பாரிலயும் நான்தான் ஊத்தினேன். இதே மாதிரி. அப்ப அதுவும்..." என்று நிறுத்திக்கொண்டான்.

லோஷினியின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"அப்ப என் முடி?" என்றாள்.

மெய் லிங் தொட்டியைப் பார்த்தபடியே, "சும்மா வெட்டிட்டே லா" என்றாள்.

லோஷினி முதலில் சிரித்தாள். பிறகு கண்ணீர் வந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. ஹக்கிம் பத்து முறை சாரி சொன்னான். நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவள் கழுத்தில் வைத்தேன். அவள் தள்ளவில்லை. முடி வெட்டிய அந்தக் கழுத்தை அன்றுதான் முதல் முறை தொட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் அப்பாவின் கழுத்து.

5

அண்ணனின் குரல் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது.

புதுப் பசை காய்ந்திருந்தது. முள் அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க லோஷினி என் போனை வாங்கி வைத்திருந்தாள். அப்போது ஊரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவள் விரல் பட்டு அது சத்தமாக ஓடத் தொடங்கியது.

"செல்வி, மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. கட்டில் நாளைக்கு வருது. பாஸு கீஸுன்னு இனிமே அலைய வேண்டாம்த்தா, ஒரேயடியா வந்து சேரு. பிள்ளை கிட்ட சொல்லிட்டியா இல்லையா?"

ஹக்கிமுக்கும் மெய் லிங்குக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோஷினி போனைக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பா கையெழுத்துப் போட்டாரா?"

"இல்ல."

"ரிட்டர்ன் டிக்கெட்?"

நான் கொடியில் காய்ந்த துணியை எடுக்கத் தொடங்கினேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து என் பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரம், மணியத்தின் இறப்புப் பத்திரம், எல்லாம் இருக்கும் அந்தப் பச்சை ஃபைலோடு வந்தாள். மலாயில் அவர்களிடம் ஏதோ சொன்னாள். மெய் லிங், "நாளைக்குக் காலையிலதானே நம்ம பயிற்சி நேரம்?" என்று கேட்பது எனக்குப் புரிந்தது. போட்டி நடக்கும் குளத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு முறை இறக்கிப் பார்க்க நேரம் கொடுப்பார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை பத்தரை மணி. அந்தக் குளத்துச் சுவரில் இருக்கும் இரும்பு, ரோபோவின் திசைகாட்டியைக் குழப்பும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவள் லோஷினி மட்டும்.

"நீ குளத்துக்குப் போ" என்றேன். "ஒரு வருஷ உழைப்பு. என்னால கெட வேண்டாம்."

"நாளைக்கு வெள்ளி. அதுக்கப்புறம் ஆபீஸ் திறக்குறப்ப திங்கக்கிழமை. உங்க பாஸ் அன்னிக்கு முடியுது. அன்னிக்கு ஒரு தாள் குறைஞ்சாலும் அவ்வளவுதான்." ஃபைலைப் பார்த்தபடியே சொன்னாள். "ஏழு மணிக்குக் கிளம்புறோம்மா."

அவள் கோபித்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். அவள் கோபிக்கவில்லை. தாளை வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். மணியம் அப்படித்தான் அடுக்குவார்.

6

குடிநுழைவு அலுவலகத்தில் எங்கள் எண் வரும்போது மணி பதினொன்று. பத்தரைக்கு லோஷினி போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

கவுண்டரில் என் வயதுப் பெண், தலையில் சாம்பல் நிற முக்காடு. படிவத்தைப் பார்த்தார். லோஷினியைப் பார்த்தார். மாணவியா, வேலை இல்லையா என்று மலாயில் கேட்டார். வார இறுதியில் ஒரு கடையில் வேலை என்று சம்பளச் சீட்டை நீட்டினாள். அந்த அம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"நீயே படிக்கிற பிள்ளை. அம்மாவை எப்படிப் பார்த்துக்குவே?"

"அவங்கதான் என்னைப் பார்த்துக்கிறாங்க, புவான்" என்றாள் லோஷினி மரியாதையாக. "நான் கையெழுத்து மட்டும்தான் போடுறேன்."

அந்த அம்மாவின் முகத்தில் ஏதோ இளகியது. ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். முன்பெல்லாம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னேனே, அன்று என்னால் உட்கார முடியவில்லை. இது வேண்டாம் என்று வியாழக்கிழமை வரை நினைத்திருந்தவள், இப்போது கிடைக்க வேண்டுமே என்று நின்றுகொண்டிருந்தேன். எப்போது மாறினேன் என்று தெரியவில்லை.

அவர் திரும்பி வந்து ஒரு தாளைத் தள்ளினார். அதில் உறவு என்று ஒரு கட்டம். லோஷினி 'அனாக்' என்று எழுதினாள். பிள்ளை. கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்தை நான் ஐந்தாம் வகுப்பு நோட்டில் பார்த்தது. இப்போது அது பெரிய மனுஷியின் கையெழுத்தாக ஒரே இழுப்பில் ஓடியது.

"ஒரு வருஷம்" என்றார் அந்த அம்மா. "அடுத்த வருஷம் வாங்க."

வெளியே வந்ததும் அவள் போனை எடுத்தாள். மெய் லிங் அனுப்பியிருந்தாள். பாரி ஒழுகவில்லை. ஆனால் வட்டமடிக்கிறது.

7

சனிக்கிழமை குளத்தைச் சுற்றி நல்ல கூட்டம். ஜோகூரிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து வந்த குழுக்களுக்குச் சீருடை இருந்தது. எங்கள் பிள்ளைகள் மூவருக்கும் மெய் லிங்கின் அக்கா அச்சடித்துக் கொடுத்த திருக்கை மீன் சட்டை. நான் ஒரு டப்பா எலுமிச்சைச் சாதத்தோடு மேல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்பில் கம்பியைக் கழற்றிய சில நொடிகளில் பாரி இடதுபக்கம் திரும்பியது. நேரே சுவரில் போய் முட்டியது. முட்டிக்கொண்டே நின்றது. நேரம் முடியும்வரை அது சுவரை முட்டிக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். முந்தின நாள் பத்தரை மணிக்கு லோஷினி இந்தக் குளத்தோரம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், ஹக்கிமுக்கும் மெய் லிங்குக்கும் தெரியும். மெய் லிங் மேலே ஏறி வந்து என்னிடம் எலுமிச்சைச் சாதம் கேட்டாள்.

இரண்டாவது வாய்ப்புக்கு முன் லோஷினி ஈரத் தரையில் சம்மணமிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். திசைகாட்டியை நம்புவதை விட்டுவிட்டு, கேமரா பார்க்கும் ஆரஞ்சு நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகும்படி மாற்றி எழுதினாளாம். அதை அப்புறம் சொன்னாள். அப்போது நான் பார்த்தது அவள் உதடு அசைவதைத்தான். சின்ன வயதில் கணக்குப் போடும்போதும் அப்படித்தான்.

கம்பியைக் கழற்றினார்கள். மூவரும் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கையில் ஒன்றும் இல்லை. லோஷினிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் கட்டினாள், பிறகு பையில் விட்டாள், கடைசியில் ஹக்கிமின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பாரி மூழ்கியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. தலையை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. வழி கேட்டு நிற்கிற ஆள்போல இருந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, வளைவை நோக்கிப் போனது. ஓரத்தில் லேசாக உரசி உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. ஹக்கிம் உட்கார்ந்துவிட்டான். சிவப்புப் பந்தை அது ஒரு சாண் தூரத்தில் தவறவிட்டு, குளத்தின் அந்தக் கோடியில் மேலே வந்து மிதந்தது.

பரிசு கிடைக்கவில்லை. பந்தை முட்டிய குழுக்கள் நிறைய இருந்தன. மூவரும் குளத்தோரம் கட்டிப்பிடித்துக் குதித்ததைப் பார்த்தவர்கள் இவர்கள்தான் முதல் பரிசு என்று நினைத்திருப்பார்கள்.

8

திரும்பும்போது லோஷினி காடி ஓட்டினாள். இங்கே காரை அப்படித்தான் சொல்வோம். பின் சீட்டில் ஈரத் துண்டு சுற்றிய பாரி. சிவப்பு விளக்கில் நின்றபோது, நானாகவே, "உன்னைக் கட்டிப் போடக் கூடாதுன்னுதான் போக நினைச்சேன்" என்றேன்.

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போவேன்மா" என்றாள். "இந்தப் படிப்பு முடிஞ்சதும் வெளிய போய்ப் படிக்கணும். லெக்சரர் கூட அப்ளை பண்ணச் சொன்னாரு. ரெண்டு வருஷமோ, மூணு வருஷமோ."

"போ. அதுக்குத்தான் சொல்றேன்."

"போனா திரும்பி வரணும்ல. நீங்க கோவில்பட்டிக்குப் போயிட்டா நான் எங்க வர்றது? அது உங்க ஊரு. எனக்கு அங்க பாத்ரூம் லைட் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது." விளக்கு பச்சையானது. பின்னால் இருந்த லாரி ஹார்ன் அடித்தது. அவள் வண்டியை நகர்த்தினாள். "எனக்கு இங்கதான் எல்லாம். நீங்க இருந்தாத்தான் இது வீடு. இல்லன்னா சும்மா சாவி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செம்பனை லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் நான் ஒரு விருந்தாளி, எப்போது வேண்டுமானாலும் கிளம்பச் சொல்வார்கள் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன். எல்லாத் தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதே வருடங்களில் எனக்குத் தெரியாமலே ஒருத்தி இங்கே பிறந்து, நடந்து, என்னைக் கொண்டு இதைத் தன் ஊராக்கிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டேன். நாளைக்கு வரவில்லை என்றேன். தீபாவளிக்கு வருகிறேன், லோஷினியோடு, பத்து நாள் என்றேன்.

கட்டில் வந்து இறங்கிவிட்டது போலிருக்கிறது. பின்னால் யாரோ அதை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் செல்வி, என்ன ஆச்சு? அங்க உனக்கு யாரு இருக்கா?"

"அப்படி இல்லண்ணே. பிள்ளை வெளிய படிக்கப் போவா. திரும்பி வர்றப்ப ஊருல ஆள் இருக்கணும்ல."

"எந்த ஊருல?"

"எங்க ஊருலதான்" என்றேன்.